படகு வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க ஊர் ஏரியைப் பாருங்க!

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி விகிதங்கள் மாறியபோது டிவி, ஏ.சி, சின்ன கார், பைக் விலை எவ்வளவு குறையும் என்றுதான் வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டோம். அதே பட்டியலில் பலர் கண்ணில் படாமல் போன ஒரு வரி உண்டு. துடுப்புப் படகுகளுக்கும் கனோ படகுகளுக்கும் 28 சதவிகிதமாக இருந்த வரி 18 சதவிகிதமாக இறங்கியது. அதே 8903 என்ற தலைப்பின் கீழ் வரும் யாட் போன்ற உல்லாசப் படகுகளுக்கும் விளையாட்டுப் படகுகளுக்கும் அது 40 சதவிகிதமாக ஏறியது. கையால் வலித்தால் ஒரு வரி, உல்லாசம் என்றால் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

`தர்மபுரிக்காரங்களுக்கு இதுல என்ன இருக்கு, நமக்குக் கடலா இருக்கு?' என்று கேட்கலாம். கடல் இல்லைதான். ஆனால் ஒகேனக்கல் இருக்கிறது. தொப்பையாறு, நாகாவதி, வாணியாறு, பஞ்சப்பள்ளி சின்னாறு, கேசர்குளி, தும்பலஹள்ளி, வரட்டாறு என்று அணைகள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் ஏரி. நல்ல மழை பெய்து ஏரி கோடி போகும் வருஷங்களில், `நம்ம ஏரியில ஒரு படகு விட்டா எப்படி இருக்கும்?' என்ற பேச்சு டீக்கடையில் ஆரம்பித்து வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் போகும். தோட்டத்து வீடு கட்டியவர், சின்னதாகத் தங்கும் விடுதி வைத்திருப்பவர், ஊராட்சிக்கு வருமானம் தேடுபவர் என்று இந்த ஆசை பலருக்கும் வருவதுதான். ஆன்லைனில் தட்டினால் சில ஆயிரங்களில் காற்றடைக்கும் படகு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. பைக் வாங்கும்போது ரோடு எப்படி என்று யாரும் யோசிப்பதில்லை. ரோடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ரோடுதான். தண்ணீர் அப்படிக் கிடையாது. ஊட்டி ஏரிக்கு ஏற்ற படகு, பாப்பாரப்பட்டிப் பக்கம் இருக்கும் ஒரு ஏரிக்கு ஏற்றதாக இருக்காது. படகைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏரியைத் தேடுகிறோம். வரிசை தலைகீழ்.

நம்ம ஏரி எப்படிப்பட்டது?

ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் வெள்ளைக்காரர் காலத்தில் உருவானவை. கொடைக்கானல் ஏரியை 1863-ல் அமைத்த வெர் லெவிஞ்சே, முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்ததாகச் சொல்வார்கள். மலை உச்சி ஏரிக்குக் கடற்கரைப் படகு! அந்த ஏரிகளில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். படகு இல்லத்தை நிரந்தரமாகக் கட்டலாம், பெடல் படகுகளை வரிசையாகக் கட்டிப்போடலாம்.

தர்மபுரி மாவட்டத்து ஏரிகள் பாசனத்துக்காக வெட்டியவை. செப்டம்பர், அக்டோபரில் பெய்யும் மழையில் நிரம்பும். மதகு திறந்தால் இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் பல ஏரிகளில் மாடு மேயும். சில வருஷம் நிரம்பாமலே போகும். ஆக, நீங்கள் வாங்கும் படகு வருஷத்தில் பாதி நாள், சில வருஷங்களில் முழு வருஷமும், கரையில்தான் கிடக்கப்போகிறது. அங்கிருந்து கணக்கைத் தொடங்கினால், கண்ணுக்குப் பிடித்த முக்கால்வாசிப் படகுகள் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும்.

இன்னொன்று ஆழம். பாசன ஏரி கரையோரம் ஆழமாகவும், தண்ணீர் வந்து சேரும் பக்கம் முழங்கால் அளவாகவும் இருக்கும். அந்த ஆழமில்லாத பக்கத்தில் அடி ஆழமான படகு சேற்றில் தட்டும். இன்ஜின் காற்றாடி தாமரைக்கொடியிலும் ஆகாயத்தாமரையிலும் சிக்கும். வண்டல் மண் அள்ளிய ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே ஆளை விழுங்கும் பள்ளம் வரும். கோடையில், தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது ஏரிக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே பாறை, எங்கே பள்ளம், எங்கே முள் என்று போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து யூடியூப் ரிவ்யூ பார்ப்பதைவிட இது பிரயோஜனம்.

முள் என்றதும் காற்றடைக்கும் படகு ஞாபகம் வருகிறது. சீமைக்கருவேலம் இல்லாத ஏரிக்கரையை நம் பக்கம் காண்பது அபூர்வம். மெல்லிய பி.வி.சி படகைக் கரையில் இழுத்துப் போட்டால் போதும், கதை முடிந்தது. அடுத்தது அட்டைப்பெட்டிப் படம். பரவலாக விற்கும் ஒரு மாடலில் `இருவர் படகு' என்று போட்டிருக்கும். அது தாங்கும் எடை 95 கிலோ. 75 கிலோ அப்பாவும் 30 கிலோ பையனும் ஏறினால் அங்கேயே வரம்பு தாண்டிவிட்டது. படத்தில் எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், எடை வரம்பைத் தேடிப் படியுங்கள். நம்ம ஊர் வெயில் இன்னொரு எதிரி. காலையில் கெட்டியாகக் காற்றடித்துக் கரையில் விட்டால், மதியச் சூட்டில் காற்று விரிந்து தையல் பிரியும். அதையே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் தொளதொளவென்று ஆகும். ஒரே ஒரு காற்றறை கொண்ட படகைத் தொடவே வேண்டாம். இரண்டு, மூன்று தனித்தனி அறைகள் இருந்தால்தான் ஒன்று போனாலும் மற்றது கரை சேர்க்கும்.

இந்தப் படகுகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. கான்கிரீட் படித்துறை உள்ள, காற்றில்லாத, கழுத்தளவு தாண்டாத தண்ணீரில் ஒரு மணி நேரம் விளையாட அவை போதும். நடு ஏரிக்குப் போக அவை செய்யப்படவில்லை.

பரிசல்காரர்களுக்குத் தெரிந்தது

`எந்தப் படகு?' என்ற கேள்விக்கு இந்த மாவட்டம் எப்போதோ ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. மூங்கில் பிளாச்சுகளைக் கூடை மாதிரிப் பின்னி, அந்தக் காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசிய பரிசல். குறுக்களவு ஆறேழு அடி. அடிப்பக்கம் தட்டை. அதனால் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே மிதக்கும், பாறைமேல் உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகும். ஒரே ஆள் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பார். கிழிந்தால் அங்கேயே ஒட்டுப்போட்டுத் தார் பூசிக்கொள்வார். உதிரி பாகத்துக்கு சீனாவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்படியானால் ஏரிக்கும் பரிசலே வாங்கிவிடலாமா? என் பதில்: வாங்கலாம், ஆனால் அது ஓட்டத் தெரிந்தவருக்கான படகு. பரிசலுக்கு முன் பின் கிடையாது. தண்ணீரைப் பிடித்து நேராகப் போகவைக்கும் அடிக்கட்டை கிடையாது. ஆற்றில் ஓட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். ஏரியில் காற்று வீசினால் சுற்றிக்கொண்டே எதிர்க்கரைக்கு ஒதுங்கும். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் ஒரே இடத்தில் பம்பரம் விடுவார். பார்க்கிறவர்களுக்கு நல்ல சிரிப்பு. காற்றில்லாத காலை நேரத்தில், கரையோரத்தில், ஓட்டத் தெரிந்த ஒருவரோடு என்றால் அதைப் போலச் சுகமான சவாரி வேறில்லை.

ஒகேனக்கல்லிலிருந்து படகைவிட முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: எப்போது இறங்கக் கூடாது என்ற ஒழுங்கு. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் வரத்தை அளக்கிறது. வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுகிறது. 2024 ஜூலை, ஆகஸ்ட்டில் வரத்து லட்சம் கனஅடியைத் தாண்டியபோது பரிசல்கள் எல்லாம் கரையில்தான் இருந்தன. சுற்றுலா வந்தவர்கள் சலித்துக்கொள்வார்கள், பரிசல் ஓட்டிகளுக்கு அன்றைய பிழைப்பு போகும். இருந்தும் தடை தடைதான். இது சும்மா வந்துவிடவில்லை. 2015-ல் அங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் பல உயிர்கள் போயின.

உங்கள் ஏரிக்கு அளவுமானியும் கிடையாது, தடை போட கலெக்டரும் வரமாட்டார். அந்த வேலையை நீங்களேதான் செய்தாக வேண்டும். ஏரி கோடி போகும்போது கலிங்கு பக்கம் படகு போகக் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் அங்கே இழுக்கும். மதகு திறந்திருக்கும்போதும் அப்படித்தான். ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் காலையோடு முடித்துக்கொள்ள வேண்டும். மின்னல் கண்ணில் பட்டால் கரை.

எதை வாங்கலாம்?

தர்மபுரி மாதிரி இடத்தில் ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்காகப் படகு வாங்குகிறது என்றால், மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்தான் என் முதல் தேர்வு. நம் மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் செய்கிற அதே முறையில், அச்சைச் சூடாக்கிச் சுழற்றி வார்க்கிறார்கள். முள் ஒன்றும் செய்யாது. உள்ளே வரும் தண்ணீர் அதிலிருக்கும் துளைகள் வழியாகவே வெளியேறிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, நிமிர்த்தி மறுபடி ஏறலாம். இரண்டு பேர் தூக்கிக் கார் மேலே கட்டலாம். ஏரி வற்றினால் வீட்டுச் சுவரோரம் நிழலில் சாய்த்து வைக்கலாம். பல பத்தாயிரங்கள் ஆகும், உண்மைதான். ஆனால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளக்கூடிய பொருள் அது.

நான்கு பேர் குடும்பமாகப் போக வேண்டும் என்றால் தட்டை அடி கொண்ட ஃபைபர் துடுப்புப் படகு. இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கை கணக்கு இருக்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுங்கள். 12 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 60. வகுத்தால் 4 பேர். அதுவும் அமைதியான தண்ணீரில். விற்பவர், `அதெல்லாம் எட்டுப் பேர் தாராளமா போலாம் சார்' என்றால் அவர் இடத்தைக் கணக்கிடுகிறார், மிதப்பைக் கணக்கிடவில்லை. பழைய ஃபைபர் படகு மலிவாக வருகிறதா? ஒரு நாணயத்தால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் சப்பென்று மாறினால் அங்கே உள்ளடுக்கு பிரிந்திருக்கிறது. கொப்புளங்கள், விளிம்பு விரிசல், துடுப்பு மாட்டும் இடத்து ஆணிகள் ஆகியவற்றைப் பாருங்கள். முக்கியமாக, இருக்கைக்கு அடியிலோ முனையிலோ மிதப்புக்கான ஃபோம் அல்லது மூடிய காற்றறை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத ஃபைபர் படகு தண்ணீர் நிறைந்தால் கல் மாதிரி இறங்கும்.

பெடல் படகு? குழந்தைகளுக்குப் பிடிக்கும், அன்னப்பறவை கழுத்து வைத்தால் இன்னும் பிடிக்கும். ஏற்காடு மாதிரி ஆட்களும் பட்டறையும் உள்ள படகு இல்லத்துக்கு அது சரி. தனியாளுக்கும் சின்ன ஊராட்சிக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். குட்டி யானை வண்டி இல்லாமல் நகர்த்த முடியாது. பெடல் அச்சும் பேரிங்கும் தண்ணீரிலேயே கிடந்து துருப்பிடிக்கும். உயரமான உடம்பு காற்றைப் பிடிக்கும். எதிர்க்காற்றில் பெரியவர்களுக்கே கால் வலிக்கும். ரிப்பன் வெட்டிய அடுத்த கோடையில் கரையில் சாய்ந்து கிடக்கும் அன்னங்கள், வாங்கும்போது ரிப்பேர் செலவை யாரும் கேட்கவில்லை என்பதற்குச் சாட்சி.

மோட்டார் ஆசை இருப்பவர்களுக்கு: ஏரித் தண்ணீர் கடைசியில் யாரோ ஒருவர் வயலுக்கோ, ஆடு மாடு வாய்க்கோ போகிறது. குடிநீருக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை ஃபுளூரைடு தண்ணீரோடு போராடிய மாவட்டம் இது. இருக்கிற நல்ல தண்ணீரில் பெட்ரோல் சிந்த வேண்டுமா? பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் கிடைக்கிறது. 12 வோல்ட்டில் 50 பவுண்டு உந்துவிசை உள்ளது முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் காகிதத்தில் இரண்டு மணி நேரம். பழைய இன்வெர்ட்டர் பேட்டரியில் அதில் பாதியை எதிர்பாருங்கள். திரும்பி வரத் துடுப்பு எப்போதும் படகில் இருக்கட்டும்.

ஏரி யாருடையது?

படகு உங்களுடையது, ஏரி உங்களுடையது அல்ல. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. அதன்மேல் மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார். அவர் போட்ட வலைக்குள் உங்கள் துடுப்பு போனால் சண்டை நிச்சயம், நியாயமும் அவர் பக்கம்தான். முதலில் எழுத்துபூர்வமாக அனுமதி, அடுத்து குத்தகைக்காரரோடு ஒரு டீ. இரண்டும் படகுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்.

1917-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரத்தில் ஓடும் படகுகளுக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, காப்பீடு ஆகியவற்றைக் கேட்கிறது. இயந்திரமில்லாத படகுகளையும் உள்ளாட்சி அளவில் பதிவேட்டில் கொண்டுவர அதில் வழி இருக்கிறது. உங்களுக்காக மட்டும் என்று தொடங்கி, `விருந்தாளிங்களுக்குத் தலைக்கு 100 ரூபா' என்று மாறும் நாளில் நீங்கள் படகுச் சவாரி நடத்துபவர் ஆகிவிடுகிறீர்கள். விடுதி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமைதியான தண்ணீர்தான் நம்மை ஏமாற்றியிருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்த `ஜலகன்யகா' அரசு நிறுவனத்தின் படகு, ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு. 45 பேர் இறந்தார்கள். பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று 22 பேர். மலப்புறம் தானூரில் 2023 மே 7 அன்று கவிழ்ந்தது, மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது. அதிலும் 22 பேர். வதோதரா ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள்; படகில் ஏறியவர்களில் பலருக்கு லைஃப் ஜாக்கெட் தரப்படவில்லை. அளவுக்கு மேல் ஆள், உடம்பில் இல்லாத ஜாக்கெட் - விசாரணைகளில் திரும்பத் திரும்ப வருவது இவைதான். புயலோ சுனாமியோ அல்ல.

அதனால் பட்ஜெட்டில் முதல் செலவு ஜாக்கெட். படகில் எத்தனை இருக்கையோ அத்தனை, குழந்தைகளுக்குத் தனி அளவு. மேலே 50 நியூட்டன், 100 நியூட்டன் என்று போட்டிருக்கும். 50 என்பது சுமார் ஐந்து கிலோ தூக்கும் மிதப்பு. அது நீச்சல் தெரிந்தவர்களுக்கு. நீச்சல் தெரியாதவர்களுக்கு 100 வாங்குங்கள், அது முகத்தை மேலே வைத்திருக்கும்படி வடிவமைத்தது. போட்டு பெல்ட்டை இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது. தண்ணீரில் குழந்தை மட்டும் கீழே நழுவிவிடும். `வளர்ற பையன், ஒரு சைஸ் பெரிசா வாங்கிடலாம்' என்ற தீபாவளிச் சட்டைக் கணக்கு இங்கே உதவாது. கையில் மாட்டும் காற்று வளையம் பொம்மை, அவ்வளவுதான். எனக்கு நீச்சல் தெரியுமே என்பவர்களுக்கு: கிணற்றில் பழகிய நீச்சல், காலைச் சுற்றும் தாமரைக்கொடியிலும் சேற்றிலும் கைகொடுக்காது.

பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தத் தலைப்பில், எத்தனை சதவிகித வரி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 18-க்கும் 40-க்கும் இடையே நாலைந்து நல்ல ஜாக்கெட் வாங்கும் அளவுக்குக்கூட வித்தியாசம் வரும். பணம் முழுதும் கொடுக்கும் முன், இடுப்பளவுத் தண்ணீரில் படகை இறக்கி, வீட்டில் யார் யார் ஏறப்போகிறீர்களோ அவ்வளவு பேரும் ஜாக்கெட்டோடு ஏறுங்கள். ஒரு பக்கமாக மெதுவாக நகருங்கள், விளிம்பு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு எல்லோரும் இறங்கி, வாளியால் படகு நிறைய தண்ணீர் ஊற்றுங்கள். மிதந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். தண்ணீரில் இறக்கிக் காட்ட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.